பாதியில் பிடுங்கிய புத்தகம்

வாயாடிக்கு வந்த கோபத்தில் காதுமடல் இரண்டும் சிவந்துவிட்டன. ஏழாம் வகுப்பில் அவளுக்கு அதுதான் பெயர். பேச ஆரம்பித்தால் ஓயமாட்டாள். புத்தகத்தைப் பற்றி என்றால் கேட்கவே வேண்டாம்.

தனக்குப் பிடித்த நாவல்களுக்குள் சீட்டு எழுதி வைப்பது பள்ளி நூலகத்தில் அவள் வேலை. அப்படி ஒரு சீட்டை நம்பித்தான், வெள்ளத்தில் தங்கையைத் தொலைத்த அண்ணனின் கதையை ஒன்பதாம் வகுப்பு நெட்டை எடுத்துப் போனான். 'அழுகை வரும். பரவாயில்லை, படிங்க' என்று அதில் எழுதியிருந்தாள்.

"அந்தப் பையனோட அப்பா வந்து சத்தம் போட்டுட்டுப் போனார்மா," என்றார் நூலக டீச்சர். "பையன் அழுதுட்டுச் சாப்பிடவே இல்லையாம். புத்தகத்தைப் பிடுங்கி வெச்சுட்டாராம். இனிமே நீ சீட்டு எழுத வேண்டாம்."

"அழுகை வரும்னு எழுதித்தானே டீச்சர் வெச்சேன்!"

மைதானத்தில் நெட்டை கோல் கம்பத்தில் சாய்ந்து நின்றான். பந்து அவன் காலடியைத் தாண்டிப் போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

"எதுவரைக்கும் படிச்சீங்கண்ணா?"

"தங்கச்சியோட ஒத்தைச் செருப்பு மட்டும் கிடைக்குமே, அதுவரைக்கும். அவ செத்துட்டாளா? ரெண்டு நாளா இதே நெனப்பு."

வாயாடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருப்பதிலேயே சோகமான பக்கத்தில் ஒருவனை நிறுத்திவைப்பதா? இது என்ன நியாயம்? முடிவைச் சொல்ல வாய் துறுதுறுத்தது. சொன்னால் கதை கெட்டுவிடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பள்ளி விட்டதும் அவனை இழுத்துக்கொண்டு அவன் அப்பாவின் மருந்துக்கடைக்குப் போனாள். அவர் ஒரு பெரியவரிடம் மாத்திரையைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"காய்ச்சல் விட்டுடுச்சுன்னு பாதியில நிறுத்தாதீங்க. அஞ்சு நாளும் முழுசாப் போடணும்."

"நீங்க மட்டும் பாதியில நிறுத்தலாமா மாமா?" என்றாள் வாயாடி.

"யாரும்மா நீ?"

"அண்ணனை அந்தப் புத்தகத்தைப் படிக்கச் சொன்னவ! இன்னும் நாப்பது பக்கம் பாக்கி இருக்கு. அதைப் படிச்சாத்தானே மனசு ஆறும்? அழ வெச்ச இடத்துலயே விட்டுட்டீங்களே, அநியாயம் மாமா!"

"பையன் அழறானேம்மா. பெத்தவன் பாத்துட்டு இருக்க முடியுமா?"

"அழட்டுமே! அழுதா என்ன தப்பு?"

பெரியவர் சிரித்துவிட்டார். அப்பா டிராயரைத் திறந்து புத்தகத்தை நீட்டினார்.

நெட்டை ஒரு மருந்துப் பெட்டியின்மேல் உட்கார்ந்து படித்தான். நடுவில் ஒருமுறை கண்ணைத் துடைத்தான். அப்பா பதறி எழுந்தார். வாயாடி முறைத்த முறைப்பில் திரும்ப உட்கார்ந்துவிட்டார். இருமல் மருந்து கேட்டு வந்த ஒரு பெண்ணிடம், "கொஞ்சம் மெதுவாப் பேசுங்கம்மா. பையன் கடைசிப் பக்கத்துல இருக்கான்," என்றார்.

நெட்டை புத்தகத்தை மூடினான். பெரிதாக மூச்சு விட்டான். "அப்பா, பசிக்குது!"

அப்பா பையனுக்குப் பக்கத்தில் குனிந்து, "அந்தப் பொண்ணு கிடைச்சாளா?" என்று கிசுகிசுத்தார்.

இருவரும் அவரை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"நீங்களும் படிச்சீங்களாப்பா?"

"டிராயர்ல சும்மாதானே கிடந்துச்சு. செருப்பு கிடைக்கிற இடம் வந்ததும் மேல படிக்க மனசு வரலை." அவர் வாயாடியைப் பார்த்தார். "நீ சீட்டு எழுதும்மா. உங்க டீச்சர்கிட்ட நானே வந்து சொல்றேன். ஆனா இப்ப யாராவது சொல்லுங்க, கிடைச்சாளா இல்லையா?"

"சொல்ல மாட்டோம்!" என்றார்கள் இருவரும்.

அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, விட்ட பக்கத்தைத் தேட ஆரம்பித்தார்.