ஓரின் டெட்வைலரின் பின் இருக்கை

ஹார்லன் க்ரூகர் டெட்வைலர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது பிற்பகல் இரண்டு மணி. இரண்டு பக்கமும் மக்காச்சோளம் காய்ந்து அறுவடைக்கு நின்றது. பதினோரு வருடம் கழித்து இந்தப் படியேறுகிறார். கோட்டின் உள்பையில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. கோகோமோ நகரத்திலிருந்து வரும் வழியெல்லாம் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்திருந்தார்.

கதவைத் திறந்தவள் ஓரினின் மனைவி வெல்டா. தலை முழுக்க நரைத்திருந்தது.

"வாங்க ஹார்லன். காபி போட்டிருக்கேன்."

"முதல்ல வண்டியப் பாத்துடறேன் வெல்டா."

"என்ன அவசரம்? பதினோரு வருஷமா இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கல. இப்ப ஓடுறீங்களே."

 பழைய கார் சங்கத்தில் இருக்கை, துணி, உள்வசதிகள் இவற்றுக்கு மதிப்பெண் போடும் நடுவர் ஹார்லன். ஓரின் விட்டுப்போன லிங்கன், காடிலாக் இரண்டு கார்களையும் வெல்டா விற்கப் போகிறாள். இரண்டின் உள்ளலங்காரத்தையும் ஒப்பிட்டு ஒரு கடிதம் தரும்படி சங்கத்தைக் கேட்டிருந்தாள். சங்கம் அவரை அனுப்பிவிட்டது.

"விலை எவ்வளவோ போகட்டும்," என்றாள் அவள். "எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும். அந்தக் காடிலாக்கோட பின் இருக்கை கம்பெனியில போட்டதா, இவரா மாத்தினதா? என் புருஷன் பொய் சொன்னாரா இல்லையா? அத மட்டும் பாத்துச் சொல்லுங்க."

ஹார்லன் தலையாட்டினார். பதில் அவருடைய பையிலேயே இருந்தது.

ஓரினின் காடிலாக் வெளிவந்த வருடத்தில் அதில் ஒரு அபூர்வ வகை உண்டு. மற்றவற்றில் பின்னால் நீளமான ஒரே இருக்கை. இதில் பின்னாலும் தனித்தனியாக இரண்டு நாற்காலி, நடுவே மூடி போட்ட பெட்டி. சாதாரண வண்டியை வாங்கி இப்படி மாற்றிவிட்டு ஊரை ஏமாற்றுபவர்கள் உண்டு என்பதால், தொழிற்சாலையில் வண்டி கட்டியபோது விவரங்களை அச்சிட்டு வைத்த காகிதச் சீட்டு ஒன்றுதான் சாட்சி. அது பெரும்பாலும் பின் இருக்கையின் ஸ்பிரிங்குகளுக்குள் செருகியிருக்கும். வண்டி வாங்கிய அன்றே எல்லாரும் இருக்கையைத் தூக்கிப் பார்த்துவிடுவார்கள். ஓரின் பார்க்கவில்லை. 'நானே எடுத்தா நானே வச்சேன்னு சொல்லுவானுங்க, நடுவர் கையால எடுக்கட்டும்' என்று நான்கு வருடம் தொடாமலேயே வைத்திருந்தார். பதினோரு வருடத்துக்கு முந்தைய சங்கப் போட்டி நாளில் ஹார்லன் இருக்கையைத் தூக்கியபோது, கூட நின்று உற்றுப் பார்ப்பது மரியாதையில்லை என்று ஓரின் எலுமிச்சைச் சாறு வாங்கப் போய்விட்டார்.

சீட்டு இருந்தது. ஹார்லனின் இம்பீரியல் காரும் அன்று கோப்பைக்குப் போட்டியில் இருந்தது.

அவ்வளவுதான் கதை. காகிதம் சட்டைப்பைக்குள் போயிற்று. மாலை விருந்தில், நூற்றிருபது பேருக்கு முன்னால், 'சாதாரண வண்டி, இருக்கை பிறகு மாற்றியது' என்று ஒலிபெருக்கியில் அறிவித்ததும் ஹார்லன்தான். ஓரின் எழுந்து நின்று, "நல்லாப் பாத்தியா ஹார்லன்?" என்று மட்டும் கேட்டார். பாத்தேன் என்றார் இவர். கோப்பை இன்னும் இவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதற்கு முதுகைக் காட்டித்தான் சாப்பிட உட்காருவார். காகிதத்தை எரிக்கப் பலமுறை அடுப்பருகே போய்த் திரும்பியிருக்கிறார்.

இரண்டு வருடத்தில் ஓரின் இறந்தார். அதே பின் இருக்கையில், ஒரு நவம்பர் காலையில். கடைசி இரண்டு குளிர்காலமும் ராத்திரி அங்கேதான் படுத்தார் என்று சங்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

இன்றைக்கு ஹார்லனின் திட்டம் சுலபமானது. சீட்டை மறுபடி ஸ்பிரிங்குக்குள் செருகுவது. பிறகு 'அட, இங்க இருக்கே, அன்னைக்குக் கண்ணுல படலியே' என்று கையோடு எடுத்துக்கொண்டு போவது. ஓரின் பெயரும் காப்பாற்றப்படும், தன் பெயரும் தப்பிக்கும். எழுபத்திரண்டு வயதில் இப்படி யோசிக்கிறோமே என்று காதோரம் சுட்டது. ஆனாலும் யோசித்தார்.

கார்கள் நின்ற கொட்டகைக் கதவை வெல்டா திறந்துவிட்டாள். "பேட்டரி ரெண்டுலயும் கிடையாது. அவரு போன மறுநாளே கழட்டிட்டேன். ராத்திரியில உள்விளக்கு எரியற மாதிரி இருந்துச்சு. நீங்க பாருங்க, நான் அடுப்படியில இருக்கேன்."

உள்ளே எலி வாடையும் பழைய எண்ணெய் வாடையும் கலந்திருந்தன. வழக்கம்போல வெள்ளைக் கையுறை போட்டு, பெல்ட்டைக் கழற்றி, காலணியை வெளியே விட்டுவிட்டு முதலில் வெண்ணெய் நிற லிங்கனுக்குள் ஏறினார். தோல் இருக்கை, மரச் சட்டம், சின்னக் கடிகாரம், கைக்கெட்டும் இடத்தில் எல்லாப் பொத்தானும். சுத்தமான வண்டி. லிங்கனில் உட்கார்ந்தால் வங்கி மேலாளரின் அறையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்று அவர் எப்போதும் சொல்வார். காடிலாக்கோ அந்த வங்கி முதலாளியின் வீட்டுக் கூடம்.

அந்தக் கூடத்தின் கதவைத் திறந்தார்.

பெப்பர்மின்ட் வாசனை.

ஓரின் நாள் முழுக்க பெப்பர்மின்ட் மிட்டாய் சப்புவார். ஒன்பது வருடம் பூட்டிக் கிடந்த வண்டியில் அது இப்போதுதான் காகிதம் பிரித்த மாதிரி மணத்தது.  துணியில் ஊறிய வாசனை போகாது, இந்தத் தொழிலில் எத்தனை பார்த்திருக்கிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கருநீல வெல்வெட். மெத்தை மெத்தையாக, பொத்தான் வைத்து இழுத்துத் தைத்தது. முன்னால் ஆறு பக்கமும் நகரும் மின் இருக்கை, பின்னால் தலைக்கு மேல் படிக்கும் விளக்கு, காலை வைக்கப் பலகை. ஒரு தையல்கூடப் பிரியவில்லை. இதையா போலி என்றோம்? கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

பின்னால் முட்டி போட்டு உட்கார்ந்து வலது இருக்கையை முழங்காலால் அழுத்தித் தூக்கினார். அடியில் இருட்டு. காகிதத்தை எடுத்து ஸ்பிரிங்குகளுக்கு நடுவே செருகினார்.

அது வெளியே வந்தது.

சரியாகச் செருகவில்லை போலும். இன்னும் ஆழமாக, மணிக்கட்டு வரை கையை விட்டு வைத்தார்.

மெதுவாக, ஓரம் மடங்காமல், மறுபடி வெளியே வந்தது. கடைக்காரர் செல்லாத நோட்டைத் திருப்பி நீட்டுகிற மாதிரி.

மூன்றாவது தடவை முழங்கை வரை விட்டார். உள்ளே விரல்கள் இருந்தன.

குளிர்ந்த, சொரசொரப்பான விரல்கள். அவை ஹார்லனைப் பிடிக்கவில்லை. காகிதத்தை வாங்கி, அவருடைய உள்ளங்கையிலேயே வைத்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டன.

கையை வெடுக்கென்று வெளியே இழுத்தார். 

டக். டக். டக். டக். நான்கு கதவுகளும் பூட்டிக்கொண்டன.

முன் இருக்கை முனகியது. பேட்டரி இல்லாத வண்டியின் மின் இருக்கை அங்குலம் அங்குலமாகப் பின்னால் நகர்ந்து வந்து அவர் முதுகைத் தொட்டது. பிறகு அழுத்தியது. முட்டி போட்டபடியே நசுங்கினார். மூக்கு வெல்வெட்டில் புதைந்தது. ஒரு மனிதன் இரண்டு குளிர்காலம் படுத்துக் கிடந்த துணி அது என்று அப்போதுதான் உறைத்தது.

"ஓரின்," என்று கிசுகிசுத்தார். "விட்டுடு ஓரின். நான்தான் எடுத்தேன். தப்புதான். விட்டுடு."

இருக்கை நின்றது. விடவில்லை.

தலைக்கு மேல் படிக்கும் விளக்கு எரிந்தது. வலப்பக்கக் கண்ணாடி மட்டும் தானாக இறங்கியது. இறங்கிய இடைவெளியில் கொட்டகைக் கதவும், அதற்கு அப்பால் அடுப்படி ஜன்னலும் தெரிந்தன. ஜன்னலில் வெல்டா பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஹார்லனுக்குப் புரிந்துவிட்டது. "சொல்றேன்," என்றார். "அவகிட்டயே சொல்றேன்."

பூட்டுகள் திறந்தன.

காலுறையோடு முற்றத்தைக் கடந்து ஓடினார். அடுப்படி மேசையில் காகிதத்தை வைத்தார். நடந்த எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னார். ஓரின் எலுமிச்சைச் சாறு வாங்கப் போனதையும் விடவில்லை. வெல்டா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தச் சீட்டை இரண்டு முறை படித்தாள். வண்டி எண் இருந்தது. வண்டியின் பின்பகுதியில் இரு நாற்காலி என்பதற்கான குறியும் இருந்தது.

"நான் அவரு மூஞ்சிலயே பொய்யன்னு சொன்னேன்," என்றாள். "அதுக்கப்புறம் அவரு வீட்டுக்குள்ள படுக்கல. கடைசி நாள்கூட, உண்மையச் சொன்னா உள்ள வாங்கன்னு சொன்னேன். அவரு உண்மையத்தானேடா சொல்லிட்டிருந்தாரு?"

 சாவு வந்தாலும் பரவாயில்லை, இந்த அடுப்படியில் நிற்க வேண்டாம் என்றிருந்தது ஹார்லனுக்கு.

"என்கிட்ட சொன்னது போதாது. சனிக்கிழமை கண்காட்சி இருக்கில்ல? அன்னைக்கு மைக்கப் பிடிச்சுதானே சொன்னே? மைக்கப் பிடிச்சே சொல்லு. அவரையும் கூட்டிட்டு வரேன்."

யாரை என்று ஹார்லன் கேட்கவில்லை.

சனிக்கிழமை நல்ல வெயில். புல்வெளி நிறைய வண்டிகள், மடக்கு நாற்காலிகள், தொத்திறைச்சி சுடுகிற புகை. காடிலாக்கை இழுவை வண்டியில் கொண்டுவந்து மேடைக்கு எதிரே இறக்கினார்கள். வெல்டா பின் இருக்கையில், இடப்பக்கம் ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். வலப்பக்கம் காலி.

ஹார்லன் மைக்கைப் பிடித்தார். "நண்பர்களே, பதினோரு வருஷத்துக்கு முன்னால ஒரு தவறு நடந்துடுச்சு..."

காடிலாக்கின் ஹார்ன் அலறியது.

எல்லாரும் திரும்பினார்கள். சத்தம் நின்றது. ஹார்லன் தொடர்ந்தார். "என் கவனக்குறைவால..."

மறுபடியும் ஹார்ன். இந்தத் தடவை நீளமாக. முன் இருக்கையில் யாருமில்லை என்று கண்டு பக்கத்தில் நின்றவர்கள் பின்வாங்கினார்கள். ஒருவர் ஓடிப்போய் பானட்டைத் தூக்கினார். பேட்டரி இருக்க வேண்டிய தட்டு துருப்பிடித்துக் காலியாகக் கிடந்தது.

ஹார்லன் மைக்கை வாயருகே கொண்டுவந்தார். "சீட்டு இருந்துச்சு," என்றார். "நான் திருடினேன். ஓரின் வண்டி ஜெயிச்சுடும்னு பயந்து திருடினேன். அவன் பொய் சொல்லல. பொய்யன் நான்."

புல்வெளி அடங்கிப்போயிற்று. ஹார்ன் வரவில்லை. முடிந்தது என்று கண்ணை மூடினார்.

அப்போது சங்கத் தலைவர் கிளைட் எழுந்தார். நல்ல மனிதர், இளகிய மனசு. "இத ஒத்துக்க எவ்வளவு தைரியம் வேணும்! ஹார்லனுக்கு ஒரு கைதட்டல் குடுங்கப்பா!" என்றார். நாலு பேர் தட்டினார்கள், பிறகு நாற்பது பேர். ஹார்லனின் நெஞ்சுக்குள் வெட்கங்கெட்ட ஒரு சுகம் எழுந்தது. அவரை அறியாமல் தலை லேசாக நிமிர்ந்தது.

ஹார்ன் அலறியது.

கைகள் ஒவ்வொன்றாக இறங்கும் வரை அலறியது. கடைசிக் கை கிளைடுடையது. அதுவும் இறங்கியது. ஆனாலும் நிற்கவில்லை. குழந்தைகள் அழுதன, ஜனங்கள் காதைப் பொத்திக்கொண்டு மேடையில் நின்றவரைப் பார்த்தார்கள். ஹார்லன் தலையைக் குனிந்தார். இன்னும் குனிந்தார். மோவாய் மார்பில் இடித்த பிறகுதான் சத்தம் நின்றது.

அந்த அமைதியில், கண்ணாடி இறக்கிய பின் இருக்கையிலிருந்து வெல்டாவின் குரல் தெளிவாகக் கேட்டது. காலியான பக்கத்தைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"போதும், வாங்க. வீட்டுக்குள்ள வந்து படுங்க."

அவள் பக்கத்து வெல்வெட்டில், ஒரு ஆள் உட்கார்ந்த அளவுக்கு அமுங்கியிருந்த பள்ளம் மெல்ல எழும்பி நிரவியது. வலப்பக்கக் கதவு திறந்தது.