ஐந்து மணிக்குள் இறங்க வேண்டிய மருந்து

காலை பதினோரு மணிக்குக் கண்ணில் விட்ட மருந்து ஐந்து மணிக்கெல்லாம் இறங்கியிருக்க வேண்டும். மணி ஐந்தேகால். காஞ்சனா சோபாவில் உட்கார்ந்தபடி பிஸ்கட் பாக்கெட்டைக் கை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். எழுத்துகள் நனைந்த எறும்புகளைப்போல ஒட்டிக்கிடந்தன. தலையைத் தூக்கி பால்கனிக் கம்பிகளுக்கு அப்பால் பார்த்தாள். எதிர் பிளாக் மொட்டைமாடிக் கொடியில் காயும் பாவாடையின் நாடா முடிச்சுகூடத் தெரிந்தது.

அவளுக்குத் தெரியாத மருந்தா? நாச்சாரத்தில் பார்மசி காலேஜில் பதினோரு வருடமாக அவள் நடத்துகிற பாடம்தான். கண்பாப்பாவைச் சுருங்கச் சொல்லி நரம்பு ஒரு ரசாயனத்தை அனுப்பும். "அது வந்து உட்கார ஒரு நாற்காலி இருக்குன்னு வச்சுக்கங்க. மருந்து முன்னாடியே போய் அதுல உட்கார்ந்துடும். உரியவர் வந்து நின்னுட்டிருக்க வேண்டியதுதான்" என்பாள், பிள்ளைகள் சிரிப்பார்கள். பாப்பா விரிந்தபடியே நிற்கும், வெளிச்சம் கூசும். கிட்டத்தில் பார்க்க உதவும் தசையும் அதோடு தூங்கிவிடும். தூரம் தெரியும், பக்கம் தெரியாது. ஐந்தாறு மணி நேரம். அவ்வளவுதான் கணக்கு.

சர்க்கரை இருப்பதால் வருடத்துக்கு ஒருமுறை விழித்திரையைப் பார்த்துக்கொள்வது வழக்கம். கண் ஆஸ்பத்திரியில் மருந்து விட்ட அஸ்வினி இந்த ஊரிலேயே வளர்ந்த, பேச்சில் உருது கலக்கும் தமிழ்ப் பெண்.

"எரியும் ஆன்ட்டி. அப்புறம் தொண்டையில கசக்கும். தேய்க்க மட்டும் நக்கோ, கூடவே கூடாது."

"எனக்கே பாடமா?"

"டீச்சருங்கதான் ஆன்ட்டி முதல்ல தேய்க்கறது."

ஆட்டோ பிடித்து குகட்பள்ளிக்குத் திரும்பியபோது தெரு முழுக்க வெள்ளை நெருப்பு. வீட்டுக்குள்ளும் எவர்சில்வர் தவலை, ஜன்னல் கொக்கி, தண்ணீர் பாட்டில் என்று ஒவ்வொன்றும் வெல்டிங் பொறியாகக் குத்தியது. திரையை இழுத்துவிட்டு சோபாவில் சாய்ந்தவள் தூங்கிப்போனாள்.

இரண்டு மணிக்கு, காதருகில், "காஞ்சனா."

"நீங்களா? பஸ் அஞ்சரைக்குத்தானே வரும்?"

"உனக்காக அரைநாள் லீவு."

ராமச்சந்திராபுரம் பாக்டரியில் கிருஷ்ணகுமாருக்கு லீவு கிடைப்பது சாமானியம் இல்லை. அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது. கண்ணுக்கு முன்னால் நீலமாய்ச் சட்டை, அதற்கு மேல் முகத்தின் நிறத்தில் ஒரு தீற்றல்.

"உங்க மூஞ்சி மிதிபட்ட கோலம் மாதிரி இருக்குங்க."

அவர் சிரிக்கவில்லை. "மருந்து விடணும். மேல பாரு" என்றார். ஒரு சொட்டு. சில்லென்றிருந்தது. மூன்றரைக்கு இன்னொரு சொட்டு.

இப்போது பிஸ்கட் பாக்கெட்டைக் கீழே வைத்தவளின் விரல்கள் அப்படியே நின்றன.

எரியவில்லையே. இரண்டு தடவையும் எரியவில்லை. தொண்டையில் கசப்பும் இல்லை. அதற்கு மேல், டாக்டர் மருந்தே எழுதித் தரவில்லையே.

"என்னங்க," என்றாள், குரலை வழக்கம்போல வைத்துக்கொண்டு. "அது என்ன மருந்து?"

"உனக்காகத்தான்."

பதில் வலது தோளுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. சோபா அந்தப் பக்கம் அமுங்கியிருந்தது. எப்போது வந்து உட்கார்ந்தார்? பாக்டரியிலிருந்து வருகிறவரிடம் கிரீஸும் வியர்வையும் பஸ் சீட்டு ரெக்சினும் கலந்த ஒரு வாடை வரும். குளித்தாலும் காதோரம் கொஞ்சம் மிச்சமிருக்கும். இந்தச் சட்டையில், லேபில் கழுவி ஈரம் போகாமல் கவிழ்த்து வைத்த கண்ணாடிக் குடுவையின் மணம்தான் இருந்தது. தலைக்கு மேலே மின்விசிறி கிறீச்சிட்டது. அவளுடைய மூச்சு கேட்டது. இன்னொரு மூச்சு கேட்கவில்லை.

அப்போதுதான் அதை யோசித்தாள். இரண்டு மணியிலிருந்து அவரைத் தள்ளி வைத்துப் பார்க்கவே இல்லை. சமையலறைக்குப் போனாள், பின்னாலேயே வந்தார். முகம் கழுவினாள், துண்டோடு ஒட்டி நின்றார். பத்தடி தூரம் போதும், மூக்கும் கண்ணும் தெரிந்துவிடும்.

"கொஞ்சம் அந்த டிவிகிட்டப் போய் நில்லுங்களேன்."

"எதுக்கு?"

"உங்க மூஞ்சியைப் பாக்கணும்போல இருக்கு."

"கிட்ட இருந்தே பாரு."

தீற்றல் நெருங்கியது. இன்னும் நெருங்கியது. கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்பு. பெரிய கறுப்பு. முகத்தில் பாதி.

அவள் எழுந்தாள். "காத்தே இல்ல" என்று சொல்லிக்கொண்டு சுவரைத் தடவியபடி பால்கனிக்கு நடந்தாள். செருப்புச் சத்தம் தன்னுடையது மட்டும். வெயில் முகத்தில் அறைந்தது. கண்ணில் நீர் கொட்டியது. கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையின் மேல் ஒரு கை வந்து மூடியது.

மூன்று மாடிக்குக் கீழே, காலனி கேட்டுக்கு வெளியே, கம்பெனி பஸ் நின்றது.

நாலு பேர் இறங்கினார்கள். ஐந்தாவதாக, டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கட்டம் போட்ட பழுப்புச் சட்டையில் கிருஷ்ணகுமார். காலையில் அவள் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டை. சட்டைப் பையில் பேனா. நெற்றியில் தொப்பி அழுத்திய கோடு. அத்தனையும் தெளிவு. டிரைவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுத் திரும்பினார்.

கத்த வேண்டும். அவள் கையை மூடியிருந்த கை அழுத்தியது.

கேட்டுக்குள் வந்தவர் வழக்கம்போல மேலே பார்த்தார். அவளைக் கண்டதும் கையைத் தூக்கினார். பல் தெரியச் சிரித்தார்.

பிறகு அவர் பார்வை கொஞ்சம் நகர்ந்தது. அவளுடைய வலது தோளுக்கு.

தூக்கிய கை அப்படியே நின்றது. சிரிப்பு ஓரத்திலிருந்து அவிழ்ந்தது. டிபன் பை தோளிலிருந்து வழுக்கி விழுந்ததை அவர் கவனிக்கவில்லை. வாய் திறந்தது. மூடவில்லை. பதினான்கு வருடமாக அவள் பார்த்த முகம் அது. அதில் இப்படி ஒன்றை அவள் பார்த்ததில்லை.

பக்கத்தில் நிற்பதை அவளால் பார்க்க முடியவில்லை. அவர் பார்ப்பதைப் பார்க்க முடிந்தது. அணு அணுவாக. அவர் ஒரு அடி பின்னால் வைத்தார். இன்னொரு அடி.

ஈரமான இரண்டு விரல்கள் அவள் இமையை மெதுவாகப் பிரித்தன.

"மேல பாரு, காஞ்சனா."