சுண்ணக்கட்டி வீடு

வாருங்கள், இளம் நண்பர்களே! அந்தத் தெருமுனையைப் பாருங்கள். மாலை வெயில் மஞ்சளாய்ச் சாய்கிறது. துணிப்பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு தாத்தா நடந்து போகிறார். ஊருக்குப் போகிறாரா? இல்லை. உறவினரைப் பார்க்கப் போகிறாரா? அதுவும் இல்லை. உறங்கப் போகிறார்! பெற்ற மகன் இங்கே, பேத்தி இங்கே, படுக்க இடம் மட்டும் எங்கோ ஒரு கடிகாரக் கடையின் பின்னறையில்!

"ஐந்து பேருக்கு மேல் என் வீட்டில் கூடாது" என்று சொல்லிவிட்டார் வாடகை வீட்டுக்காரர். அப்பா, அம்மா, அத்தை, பேத்தி, தவழும் தம்பி. ஐந்தாயிற்று. தாத்தா ஆறாவது ஆளாகிப் போனார். இது நியாயமா? நீங்களே சொல்லுங்கள்!

நியாயமில்லை என்று நெஞ்சு கொதித்தவள் அந்தப் பேத்தி. வீட்டில் அவளை 'வாலு' என்று அழைப்பார்கள்.

ஒவ்வொரு மாலையும் வாசலில் நின்று, "போயிட்டு வரேன்" என்பார் தாத்தா, வந்த விருந்தாளி விடைபெறுவது போல.

"இன்னிக்கு ஒரு நாள் இருங்களேன் தாத்தா."

"கடைக் கடிகாரமெல்லாம் என்னைத் தேடும்டா. நான் போகலைன்னா ஒண்ணும் தூங்காது!"

அவர் சிரிப்பார். வாலுவுக்குச் சிரிப்பு வராது.

தாத்தா ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் இயக்கியவர். வாழ்நாளில் பாதியை அந்தச் சின்னப் பெட்டிக்குள் நின்றே கழித்தவர். இப்போதும் தூக்கத்தில், "நாலாவது மாடி... இறங்குறவங்க இறங்கலாம்" என்று முணுமுணுப்பாராம். கடிகாரங்கள் டிக் டிக் என்று இறங்கிப் போகுமாம். அப்படித்தான் கடைக்காரர் சொன்னார்.

அந்தக் குடும்பத்துக்கு ஒரு விடியல் வந்தது. தனியாக வீடு வாங்க முடியாத பலர் ஒன்றுகூடி ஒரு வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் அமைத்திருந்தார்கள். அப்பாவும் அதில் சேர்ந்திருந்தார். ஒருவர் தோளில் மலையாய்க் கனத்த விலை, எல்லார் தோளிலும் ஏறியபோது மாலையாய் இலேசாயிற்று! சேர்ந்தே நிலம் வாங்கி, சேர்ந்தே வீடுகளைக் கட்டினார்கள். அவற்றில் இரண்டு மிச்சம் இருந்தன. நடுத்தெருவில் ஒரு சின்ன வீடு. மூலையில், நிறைய ஜன்னல்களோடு ஒரு பெரிய வீடு.

எந்த வீடு யாருக்கு? அதற்குச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சங்கக் கட்டடத்தின் முன்னால் உள்ள சிமெண்ட் முற்றத்தில், குடும்பத்தில் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய இடத்தைச் சுண்ணக்கட்டியால் வரைந்து காட்ட வேண்டும். கோடுகள் எவ்வளவோ, வீடும் அவ்வளவு.

அந்த நாளும் வந்தது. விடியற்காலை மூடுபனி முற்றத்தின் மேல் பஞ்சாய் மிதந்தது. உறுப்பினர்கள் சுற்றிலும் நின்றார்கள். சங்கத் தலைவி கொத்தனார் வேலை செய்பவர். எல்லாருக்கும் அவர் கொத்தனார் அக்கா. செயலாளர் கையில் எப்போதும் அளவு நாடா இருப்பதால், அவர் டேப் மாமா.

"தயங்காம போடுங்க. கோட்டுக்கு வரி கிடையாது!" என்றார் கொத்தனார் அக்கா.

வெள்ளைக் கோடுகள் பனிக்குள் ஊர்ந்தன. இல்லாத சுவர்கள் எழுந்தன. ஒரு வண்ணத்துப்பூச்சி சுவருக்குள் நுழைந்து மறுபுறம் வந்தது. மேகம் ஒன்று கூரையாய் நின்றது. வாலுவுக்குக் கனவுக்குள் நடப்பது போல் இருந்தது.

எல்லாரும் வரைந்து முடித்தார்கள். டேப் மாமா குனிந்து அளந்தார். நிமிர்ந்தார்.

"சின்ன வீடே தாராளம். பெரிய வீட்டுக்கு வேற குடும்பங்களும் காத்திருக்கு. கோடு இல்லாம கொடுக்க முடியாதுங்க."

அப்பா தலையாட்டினார். "சின்ன வீடே போதும் சார்."

வாலு மெல்லத் திரும்பிப் பார்த்தாள். தாத்தா தம் கோட்டுக்குள் நின்றிருந்தார். அவர் வரைந்தது வாசலோரம் ஒரு சின்னச் சதுரம். சரியாக லிஃப்ட் அளவு! கைகள் விலாவோடு ஒட்டியிருந்தன. கால் விரல்கள் கோட்டைத் தொட்டன. அதில் நிற்கலாம், படுக்க முடியாது.

"தாத்தா, இதுல எப்படிப் படுப்பீங்க?"

"எனக்கென்னடா, கடை இருக்கே! பகல்ல வந்து நிக்க இது போதும்."

சின்ன வீட்டுக்குப் போனாலும் அதே மாலை, அதே பை, அதே 'போயிட்டு வரேன்'தானா?

வாலு மற்ற கோடுகளைப் பார்த்தாள். அம்மாவின் தையல் இடத்தில் இயந்திரம் நிற்கும். அம்மா நிற்க முடியாது. அத்தையின் படுக்கை ஒரு தலையணை அகலம். அவளே தனக்கு வரைந்தது, மடித்த முழங்கால் அளவுக்கு ஒரு மூலை! ஒற்றை அறையில் ஒடுங்கி ஒடுங்கி வாழ்ந்தவர்கள், பரந்த முற்றத்திலும் ஒடுங்கியே வரைந்திருந்தார்கள்.

"கொத்தனார் அக்கா! இது தப்பு. மறுபடி போடணும்!"

"ஏன் கண்ணு?"

"எல்லாரும் பொய்க் கோடு போட்டிருக்காங்க!"

"வாலு! என்ன பேச்சு இது?" என்று அதட்டினார் அப்பா.

"உங்க கையை நீட்டுங்கப்பா."

அப்பா நீட்டினார். கை அம்மாவின் சுவரைத் தாண்டி, அத்தையின் படுக்கையைத் தாண்டி, டேப் மாமாவின் மூக்குக் கண்ணாடியைத் தட்டியது. முற்றம் கொல்லென்று சிரித்தது.

"இப்ப பாருங்க. யாரும் தனக்குத் தானே போடக் கூடாது. பக்கத்துல இருக்கறவங்களுக்குப் போடணும்!"

டேப் மாமா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "இங்க அப்படி வழக்கமே இல்லையேம்மா."

"வழக்கத்தை நீங்கதானே மாமா உண்டாக்கினீங்க? நீங்களே மாத்துங்களேன்!"

கொத்தனார் அக்கா ஒரு கணம் அந்தச் சதுரத்தைப் பார்த்தார். பிறகு ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து சளாரென்று ஊற்றினார். கோடுகள் கரைந்து, பால் போல் ஓடி மறைந்தன.

ஈரம் உலர்ந்ததும் புதிய வீடு பிறந்தது. அம்மாவுக்காக அப்பா வரைந்தார்: அகன்ற தையல் மேசை, பக்கத்தில் ஜன்னல். "வெளிச்சம் இடது பக்கம் வரணும்" என்று அழித்து மறுபடி வரைந்தார். இரவெல்லாம் மருத்துவமனை வேலையில் விழித்திருக்கும் அத்தைக்காக அம்மா ஓர் அமைதியான அறை வரைந்தார். அத்தையோ அப்பாவின் கட்டிலை நீட்டிக்கொண்டே போனார்.

"ஏய், நான் என்ன ஒட்டகச்சிவிங்கியா?"

"கால் வெளிய தொங்கத் தூங்கினது போதும்ணா!"

தாத்தா பேத்திக்காக ஒரு படிக்கும் இடம் வரைந்தார். வாலு தாத்தாவுக்காக வரைந்தாள். புரண்டு படுக்கக் கட்டில். நடக்க இடம். வானம் தெரிய ஜன்னல். கடைசியாக ஒரு கதவு.

"தாத்தா, இந்தக் கதவு தானா மூடிக்காது."

தாத்தா அந்தக் கோட்டுக்குள் காலை வைத்தார். மெல்ல, மிக மெல்ல, இரண்டு கைகளையும் விரித்தார். எதுவும் இடிக்கவில்லை. தம்பி மட்டும் எல்லாச் சுவர்களையும் தவழ்ந்தே கடந்து, நடுவில் போய் உட்கார்ந்துகொண்டான்.

டேப் மாமா நாடாவை இழுத்தார்; இழுத்துக்கொண்டே போனார்.

"மூலை வீடுதான் சரி" என்றார். "ஆனா ஒரு எச்சரிக்கை. இதுக்கு மேல நல்ல மனசு காட்டினா சுவரை இடிக்கணும்!"

உறுப்பினர்களின் கைகள் ஒருசேர உயர்ந்தன.

புது வீட்டின் முதல் மாலை. ஜன்னல்களில் பொன்னொளி வழிந்தது. பழக்கம் விடுமா? தாத்தா பையைத் தோளில் மாட்டினார். வாசலுக்கு வந்தார்.

"போயிட்டு..."

பாதியில் நின்றார். வீடே மூச்சடக்கிப் பார்த்தது.

"எந்த மாடிக்கு, தாத்தா?" என்றாள் வாலு.

தாத்தா அவளைப் பார்த்தார். திறந்திருந்த தம் கதவைப் பார்த்தார். பையைக் கீழே இறக்கி வைத்தார்.

"இதுதான்டா என் மாடி. இறங்கிட்டேன்!"

கதை கேட்டது போதும், நண்பர்களே, எழுந்திருங்கள்! உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ, 'எனக்கு இது போதும்' என்று தம்மைச் சுருக்கிக்கொண்டு ஓரமாய் நிற்பவர் ஒருவர் இருப்பார். தேடிப் பிடியுங்கள். சுண்ணக்கட்டியைக் கையில் எடுங்கள். அவருக்காக ஒரு கோடு போடுங்கள். இன்றே போடுங்கள், பெரிதாகப் போடுங்கள்!