தெளிந்த குடுவையில் யார்?

"கத்துன... சொருகிடுவேன்!"

மஹீராவின் கழுத்தில் கத்திமுனை பதிந்தது.

விடுமுறை நாள், பட்டப்பகல் பதினொரு மணி. அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்தக் கிருமி ஆய்வுக்கூடத்தில் அவளைத் தவிர ஈ, காக்கை இல்லை. கத்தியைப் பிடித்திருந்தது... வாட்ச்மேன் துலுக்கானம்! நேற்றுவரை "பாப்பா, டீ வோணுமா?" என்று கேட்ட அதே மனிதர்.

"எ... என்ன வேணும்ண்ணே?"

"உன் தம்பி அர்ஷத்துக்கு மருந்து செய்றியே, அத்த குடு! அதே வார்டுல, அதே கிருமியோட என் பொண்ணு பவித்ரா கீது. எந்த ஊசியும் கேக்கலன்னு டாக்டர் கைய விரிச்சிட்டாரு!"

மேஜையில் இரண்டு குடுவைகள். ஒன்று கஞ்சித் தண்ணீர்போல் கலங்கியிருந்தது. மற்றது பளிச்சென்று தெளிந்திருந்தது.

துலுக்கானத்தின் கை பாய்ந்தது... கலங்கியதன்மேல்!

ஆறு மாதமாக அவர் பார்த்தது அதுதான். கலங்கினால் பத்திரப்படுத்துவார்கள். தெளிவாக இருந்தால் 'எதுவும் வளரல' என்று கழுவிவிடுவார்கள்.

வாயை மூடிக்கொண்டால் தம்பி பிழைப்பான். ஆனால் அந்தப் பெண்?

மஹீராவின் பாழும் வாய் சும்மா இருந்தால்தானே!

"அண்ணே! அது மருந்தில்ல... உயிரோட இருக்கிற கிருமி! போட்டா உங்க பொண்ணு செத்துடும்!"

"பச்சத்தண்ணிய என் தலைல கட்டப் பாக்குறியா?"

"காலைல இந்தத் தண்ணியும் கலங்கித்தான் இருந்துச்சு. கிருமியத் தின்னுற வைரஸ ஒரு சொட்டு விட்டேன். அது கிருமிமேல ஒட்டிக்கிட்டு, தன் சரக்க உள்ள எறக்கும். உள்ளயே நூறாப் பெருகும்..."

"அப்பால?"

"உள்ளேர்ந்தே சுவரக் கரைக்கும். கிருமி டப்புனு வெடிக்கும்! நூறும் வெளிய வந்து அடுத்ததப் புடிக்கும். அத்தனையும் வெடிச்சாத்தான் தெளியும்!"

துலுக்கானத்துக்கு வியர்த்துக் கொட்டியது. கலங்கியதை வைத்தார்... தெளிந்ததைப் பறித்தார்... ஓடினார்!

"வடிகட்டாம போட்டுடாதீங்க! அதுல வெடிச்ச கிருமியோட விஷம் இருக்கு!"

பைக் சத்தம் தேய்ந்தது.

"தம்பி... உன்ன நானே கொன்னுட்டேனே!"

தரையில் உட்கார்ந்து குமுறி அழுதாள். அழுகைக்கு நடுவே கண்ணில் பட்டது... சற்றுமுன் தெளிந்த குடுவையிலிருந்து அவள் சோதனைக்கு உறிஞ்சிய கண்ணாடிக் குழாய். நுனியில் ஒரே ஒரு சொட்டு!

ஒரு சொட்டு போதாதா? தின்னத்தான் ஒரு குடுவைக் கிருமியை விட்டுப்போயிருக்கிறாரே, புண்ணியவான்!

சொட்டைக் கலங்கிய குடுவைக்குள் விட்டாள்.

மூன்று மணிக்கு அதுவும் தெளிந்தது!

துலுக்கானத்துக்குப் பத்தாவது முறையாகப் போன் போட்டாள். இப்போதுதான் எடுத்தார்.

"ஊசி போட்டீங்களா?"

"இல்லம்மா... நீ சொன்னதுல பயந்துகினு ஆஸ்பத்திரி வாசல்லயே குந்தினு கீறேன்."

"திரும்பி வாங்கண்ணே. ரெண்டு பேருக்கும் வடிகட்டித் தரேன்."

மறுமுனையில் விசும்பல்.

"வரேம்மா. அதுவரைக்கும் வாசல் கேட்ட கொஞ்சம் பாத்துக்க. அவசரத்துல பூட்டாம வந்துட்டேன்... எவனாச்சும் திருடன் பூந்துடப் போறான்!"