கடைசிப் பல்லவிக்கு முன்னால்

காலை பத்து மணிக்குப் பாடகர் அலமாரியைத் திறந்தார். கேசட்டைக் காணவில்லை.

பதினொன்றுக்கு இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்து சேர்ந்தார். பாட்டு என்றால் காத தூரம் ஓடுகிறவர். ஆனால் ஆட்களை எடைபோடத் தெரிந்தவர்.

"என்ன கேசட் சார்?"

"என் பாட்டோட முதல் பதிவு. நானும் என் மனைவியும் சமையலறையில உட்கார்ந்து பதிவு பண்ணினது. அவ போய் ஆறு வருஷம் ஆச்சு. அவ குரல் வேற எதுலயும் இல்ல மேடம்."

ஊரே முணுமுணுத்த ராக் பாட்டு அது. இசைத்தட்டில் ஒரு விதமாகவும் மேடையில் இன்னொரு விதமாகவும் வந்து சக்கைப் போடு போட்டது. பாடியவர் வீட்டிலோ பேச்சுத் துணைக்கு ஆளில்லை. சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு நாற்காலிகள்; மூன்றின் மேல் தூசி.

"அந்தப் பதிவு எப்படி இருக்கும்?"

"வெறும் கிடார்தான். கடைசிப் பல்லவிக்கு முன்னாடி அதையும் நிறுத்திடுவேன். அவ மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் கேட்கும். அப்புறம் பாடுவா. இசைத்தட்டுல அந்த இடத்துல டிரம்ஸ் வெளுத்து வாங்கும். மேடையிலயும் அப்படித்தான்."

"யாரெல்லாம் கேட்டிருக்காங்க?"

"என்னைத் தவிர யாருமில்ல. போட்டுக் காட்டினதே இல்ல."

பூட்டு உடைபடவில்லை. சாவி பக்கத்து ஆணியிலேயே தொங்கியது. பாடகர் கேசட்டைக் கடைசியாகப் பார்த்தது போன ஞாயிறு காலையில். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஒலிப்பதிவாளர், பட்டப்பெயர் காது. இன்னொருவர் பாடகரின் மைத்துனர், மனைவியின் தம்பி. டிரம்ஸ் வாசிப்பவர் என்பதால் அவரை எல்லோரும் இடி என்பார்கள்.

மதியம் இருவரும் வந்து உட்கார்ந்தார்கள்.

"கேசட்டைக் கேட்டு நச்சரிச்சீங்களாமே?" என்றார் இன்ஸ்பெக்டர், காதிடம்.

"எல்லாப் பதிவையும் சேர்த்து வெளியிடலாம்னு கேட்டேன். முடியாதுன்னுட்டார். திருடி வெளியிட்டா மறுநாளே மாட்டிக்க மாட்டேனா மேடம்?"

"அதைப் போட்டுக் கேட்டிருக்கீங்களா?"

"சத்தியமா இல்ல."

"நீங்க?"

"நானும் இல்ல. அத்தான் யாருக்கும் போட மாட்டார்," என்றார் இடி.

"சரி, இசைத்தட்டைப் போடுங்க. நான் அந்தப் பாட்டைக் கேட்டதே கிடையாது."

காது வாயைப் பிளந்தார். இப்படியும் ஒரு பிறவியா என்பதுபோல் பார்த்துவிட்டு இசைத்தட்டைச் சுழலவிட்டார். பாட்டு வீட்டையே அதிரவைத்தது. பாடகர் கண்ணை மூடிக்கொண்டார். காது ஒலியைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தார். இடியின் விரல்கள் மேசையில் தாளம் போட்டன. கடைசிப் பல்லவிக்கு முன்னால் ஒரு கணம் ஓய்ந்து மறுபடி தொடர்ந்தன.

"மேடையில பாடின பதிவையும் போடுங்க."

அதையும் முழுக்கக் கேட்டார். பிறகு இடியின் பக்கம் திரும்பினார்.

"கேசட் உங்ககிட்டதான் இருக்கு."

"என்கிட்டயா?"

"பாட்டு முழுக்கத் தாளம் போட்டீங்க. கடைசிப் பல்லவிக்கு முன்னாடி மட்டும் விரல் நின்னுடுச்சு. ரெண்டு தடவையும். அங்க டிரம்ஸ் அடிச்சதே நீங்கதானே? இத்தனை வருஷமா அடிச்சுப் பழகின கை அது. அந்த இடத்துல டிரம்ஸே இல்லாத பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டாத்தான் அது நிக்கும்."

இடி தன் கையைப் பார்த்தார், அது யாருடையதோ என்பதுபோல.

"வாரம் பூரா அதையேதான் கேட்டேன். அக்கா மூச்சு இழுக்கிற இடம் மேடம். அங்க அடிக்கக் கை வரல."

"என்கிட்ட கேட்டிருக்கலாமேடா!" என்று பாடகர் எழுந்தே விட்டார்.

"கேட்டேன் அத்தான். அக்காவைக் கொண்டுபோன அன்னிக்கே கேட்டேன். அப்புறம் பார்க்கலாம்னீங்க. ஞாயித்துக்கிழமையும் கேக்கத்தான் வந்தேன். வாய் வரல. நீங்க குளிக்கப் போயிருந்தீங்க, சாவி ஆணியில தொங்குச்சு. எனக்கு மட்டும் அவளை விட்டா வேற யாரு இருக்கா?"

பாடகர் மெல்ல உட்கார்ந்தார். ஆறு வருடமாகத் துக்கம் தனக்கு மட்டுமே சொந்தம் என்று கதவைச் சாத்திக்கொண்டிருந்தது அவருக்கு வெட்கமாக இருந்தது.

"பத்திரமா இருக்கா?"

"இருக்கு அத்தான்."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"புகாரை என்ன பண்ணட்டும் சார்?"

பாடகர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வீட்டு ஆள்தான் எடுத்து வச்சிருந்தார்னு எழுதிக்குங்க மேடம்."