சேயோனின் இடது கை

அந்தப் பருவத்தில் நான்காவது தடவையாக, மிதுஷாவின் சட்டை அவளை நம்பவில்லை.

மணிக்கு நூற்றுப் பதினெட்டுக் கிலோமீற்றர் வேகத்தில் பனிச்சரிவில் இறங்கி, கொடி நட்ட பதினேழாவது வாயிலைச் சுற்றி வலப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள். கழுத்துப்பட்டியில் இருந்த பச்சை விளக்கு சிவப்பானது. அடுத்த கணம் சட்டை திறந்து, அவளைச் சுற்றிச் செம்மஞ்சள் நிறப் பந்து ஒன்று உப்பி எழுந்தது. சறுக்குப் பலகைகள் தாமாகக் கழன்று தெறித்தன. பந்து உருண்டு, துள்ளி, ஓரத்து வலையில் போய் மெதுவாக நின்றது. உள்ளே மிதுஷாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

போட்டி விதி எளிமையானது. சட்டை திறந்தால் ஓட்டம் முடிந்தது. விழுந்திருப்பாயா, தப்பியிருப்பாயா என்ற விவாதத்துக்கு இடமில்லை.

அவள் தன் வானொலிக் கருவியின் பேசும் பொத்தானை அழுத்தினாள். இறங்கி முடித்தவர் மேலே காத்திருக்கும் தன் அணியினருக்குத் தடம் எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அது சரிவோட்டக்காரர்களின் பழைய வழக்கம். தோற்றவரும் சொல்ல வேண்டும்.

"பதினாலாம் வாயிலுக்குப் பிறகு பனி இறுகிக் கண்ணாடி மாதிரி இருக்கிறது. பதினேழில் ஒரு பிரச்சினையும் இல்லை," என்றாள் ஜெர்மன் மொழியில். "பிரச்சினை எனக்கு மட்டும்தான்."

மேலே யாரோ சிரித்தார்கள். பயிற்சியாளர் ரேட்டோ சிரிக்கவில்லை.

முன்னறிசட்டை கட்டாயமாகி ஏழு பருவங்கள் ஆகியிருந்தன. விழுவதற்கு முக்கால் நொடி முன்பே அது விழப்போவதை அறிந்துவிடும். இந்த ஏழு பருவங்களில் உலகின் எந்தச் சரிவிலும் ஒரு வீரர்கூடச் சாகவில்லை. சட்டை இல்லாமல், மலையுச்சிக்கு ஏற்றிச் செல்லும் மின்தூக்கி நாற்காலியின் கதவுகூடத் திறக்காது. விபத்துக் காட்சி என்ற ஒன்றே தொலைக்காட்சியிலிருந்து மறைந்துவிட்டது. பந்து உருளும்போது குழந்தைகள் கைதட்டினார்கள்.

மிதுஷாவுக்கு இருபத்துமூன்று வயது. தடத்தின் நடுவில் குறிக்கும் இடைநேரங்களைப் பார்த்தால் உலகிலேயே வேகமானவள் அவள்தான். முடிவுக்கோட்டுப் பட்டியலில் அவளுடைய பெயர் அநேகமாக இருக்காது. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் உலகப் போட்டி அவளுடைய சொந்தப் பள்ளத்தாக்கில் நடக்க இருந்தது. அதிலும் பந்தானால் அணியில் இடமில்லை என்று சம்மேளனம் எழுத்தில் அறிவித்திருந்தது.

பள்ளத்தாக்கின் பெரிய விடுதியில் அவளுடைய அப்பா வரதன் சமையலறையிலும், அம்மா சுபாஜினி சலவைப் பகுதியிலும் வேலை செய்தார்கள். ஊழியரின் பிள்ளைகளுக்கு மலைக்குப் போக இலவச அட்டை உண்டு. அப்படித்தான் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் இரண்டு பிள்ளைகள் பனியில் ஏறினார்கள். மூத்தவன் சேயோன். அவனுக்கு ஆறு வயதில் கிடைத்த பனிச்சறுக்குச் சப்பாத்து, வாடகைக் கடை கழித்துவிட்ட சோடி. வலது அளவானது, இடது இரண்டு அளவு பெரியது. வலப்பக்கம் திரும்பும்போது இடது கால் சப்பாத்துக்குள் பிந்தி வரும். அதை ஈடுகட்ட அவன் இடது கையைத் தலைக்கு மேல் தூக்குவான்.

"யாருக்குக் கை காட்டுகிறாய், பேருந்துக்கா?" என்று ரேட்டோ அவனைப் பார்த்துக் கத்துவார்.

"உங்கள் ஊர் வாடகைக் கடைக்கு," என்பான் சேயோன்.

நல்ல சப்பாத்து வந்த பிறகும் கை இறங்கவில்லை. அதே பழைய சோடியில்தான் மிதுஷாவும் பழகினாள், ஒன்பது வயது மூத்த அண்ணனின் முதுகைப் பார்த்தபடி. அவளுடைய கையும் தூக்கிக்கொண்டது. சேயோன் இருபத்துமூன்றாம் வயதில், ஒரு பயிற்சி ஓட்டத்தில், அதே மலையில் இறந்தான். மிதுஷாவுக்கு அப்போது பதினான்கு.

அம்மா அதன் பிறகு மலையில் ஏறவில்லை. மகளின் ஓட்டங்களைச் சலவை அறைத் தொலைக்காட்சியில், சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பாள். நேரங்களைப் பார்ப்பதில்லை.

"இஞ்சருங்கோ, கையைப் பாருங்கோ," என்பாள் வரதனிடம். "அவன்தான் வாறான்."

"நான் மணிக்கூட்டைப் பாக்கிறன். நீ கையைப் பார்," என்பார் வரதன். "பேர்ன் தமிழ்க்கடையில போன கிழமையும் கேட்டவங்கள். உங்கட மகள் திரும்பவும் பலூன் ஊதினவவாம் எண்டு. கருவேப்பிலை வாங்கப் போக ஏலாமக் கிடக்கு."

"ஊதட்டும். உயிரோட ஊதுறாள்."

அவர் சமையலறைக்குத் திரும்பிப் போய்விடுவார்.

*

பருவம் முடிந்ததும் மிதுஷா சூரிச்சுக்குப் போனாள். சட்டையை உருவாக்கிய ஆய்வுக்கூடத்தில் கஜரூபன் என்ற பொறியியலாளர் அவளுக்காகக் காத்திருந்தார். சூரிச்சிலேயே பிறந்தவர். அரைமணி நேரம் ஜெர்மனில் வரைபடங்களை விளக்கிக்கொண்டிருந்தவர், திடீரென்று தமிழுக்கு மாறினார். இந்த நாட்டில் பிறந்த தமிழர்கள் அப்படி மாறினால் கெட்ட செய்தி வருகிறது என்று பொருள்.

"தங்கச்சி, சட்டை பிழை விடேல்லை."

ஒன்பது வருடமாக யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவள் திரையைப் பார்த்தாள். இரண்டு உருவங்கள், ஒன்று நீலம், ஒன்று சாம்பல், ஒரே சரிவில் இறங்கின. வலப்பக்கம் திரும்பும்போது இரண்டும் இடது கையைத் தூக்கின. கஜரூபன் ஒன்றை மற்றதன் மேல் வைத்தார். ஒரே உருவமானது.

"நீலம் நான்," என்றாள் மிதுஷா. "மற்றது ஆர்?"

அவர் சாம்பல் உருவத்தின் கீழே இருந்த திகதியைச் சுட்டினார். சேயோன் விழுந்த நாள்.

சட்டை நாற்பத்தோராயிரம் விழுகைகளைப் படித்துக் கற்றது. ஆனால் அதிவேகத்தில் விழுந்தவர்கள் சிலர்தான். அவர்களில் உச்சந்தலையிலிருந்து கணுக்கால்வரை முழுப்பதிவு இருந்தது ஒருவருடையது மட்டுமே. சேயோன் அன்று அணியின் சோதனை ஒன்றுக்காக உடம்பெல்லாம் உணரிகள் அணிந்திருந்தான். பதினொரு நொடிப் பதிவு. அதிவேகத்தில் சட்டைக்குத் தெரிந்தது எல்லாமே அந்தப் பதினொரு நொடியில் ஊன்றி நின்றது.

"அது உங்களை உங்களாக் காணேல்லை. அவரைத்தான் காணுது," என்றார் கஜரூபன். "அவர் விழப்போறார் எண்டு நினைச்சுத் திறக்குது."

"அவன் ஆயிரம் தரம் அப்பிடி இறங்கினவன். ஒருக்காத்தான் விழுந்தவன்."

"சட்டைக்கு அந்த ஒருக்கா மட்டும்தான் தெரியும்."

"அப்ப அந்தப் பதிவை எடுத்துவிடுங்கோ."

"எடுக்கலாம். போன பருவம் மட்டும் அந்தப் பதிவு முப்பத்தாறு பேரைக் காப்பாத்தியிருக்கு. அதில ஒரு பிள்ளைக்குப் பதினேழு வயசு. எடுக்கட்டோ?"

அவள் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். கீழே டிராம் ஒன்று நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது.

"ஒருத்தருக்கு மட்டும் சட்டையை மாத்த விதியில்லை," என்றார் கஜரூபன். "நீங்கள்தான் மாற வேணும். கையை மட்டும் கீழ வைச்சாப் போதாது. கை ஏறேக்க இடுப்பு பின்னுக்குப் போகுது, வலது முழங்கால் உள்ளுக்கு வருது. எல்லாம் சேந்துதான் அவர்."

அந்தப் பதிவைக் கேட்டு எட்டு வருடத்துக்கு முன் அவர்களுடைய வீட்டுக்கு வந்தவரும் இவர்தான். வரதன் எழுந்து வெளியே போய்விட்டார். சுபாஜினி தேநீர் கொடுத்துவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டாள்.

"அதில அவன்ர சத்தம் இருக்கோ தம்பி?"

"இல்லையம்மா. அசைவு மட்டும்தான்."

"அப்ப கொண்டுபோங்கோ," என்று கையெழுத்து வைத்தாள். "வேற ஆக்களின்ர பிள்ளையாவது தப்பட்டும்."

*

ரேட்டோ பழைய சைக்கிள் டியூப் ஒன்றை வெட்டி, மிதுஷாவின் இடது மணிக்கட்டை இடுப்புப்பட்டியோடு கட்டினார். கோடை முழுவதும், உருகாத பனியாற்றின் மேல் அப்படியே இறங்கினாள். முதல் மாதம் ஒவ்வொரு வலப்பக்க வளைவிலும் டியூப் இழுபட்டு மணிக்கட்டில் சிவப்பு வரி விழுந்தது. இரண்டாம் மாதம் ரேட்டோ இடுப்பைத் திருத்தினார். மூன்றாம் மாதம் முழங்காலை.

"இருபது வருடமாக உங்கள் வீட்டுக் கையோடு சண்டை பிடிக்கிறேன்," என்றார் ஒருநாள், முடிச்சை இறுக்கியபடி. "நான் வெல்லப்போகிறேன் என்று நினைக்கவே பிடிக்கவில்லை."

"இறுக்கிக் கட்டுங்கள்," என்றாள் மிதுஷா.

நான்காம் மாதத்தில் ஒரு காலை, மேலிருந்து கீழ்வரை இறங்கி நின்ற பிறகுதான் கவனித்தாள். டியூப் ஒருமுறைகூட இழுபடவில்லை. தனியாக நின்று இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். கை மட்டும் உயர்ந்தது. அவ்வளவுதான்.

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை.

பெப்ரவரியில் பள்ளத்தாக்கில் இருபதாயிரம் பேர் கூடினார்கள். மிதுஷா பதினொன்றாவதாக இறங்கினாள். பதினேழாவது வாயிலில் கை தாழ்ந்து, முழங்கால்கள் நேராக, இடுப்பு முன்னால். விளக்கு பச்சையாகவே இருந்தது. நூறில் பதினொரு பங்கு நொடியால் உலகச் சாம்பியன் ஆனாள். வர்ணனையாளர்கள் அவளுடைய முதிர்ச்சியைப் புகழ்ந்தார்கள். ஒரு பத்திரிகை, "தவறே இல்லாத ஓட்டம்" என்று எழுதியது. உண்மைதான். மற்ற எல்லோரையும் போல, இன்னும் கொஞ்சம் வேகமாக, அவள் இறங்கியிருந்தாள்.

சலவை அறையில் போர்த்துக்கல் நாட்டுப் பெண்கள் சுபாஜினியைக் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். வரதன் சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்து அழுதார். சுபாஜினி தொலைக்காட்சியின் முன்னால் போய் நின்று, ஓட்டத்தைத் திரும்பப் போடச் சொன்னாள். பிறகு இன்னொரு தடவை. பிறகு இன்னொரு தடவை.

மகள் வீட்டுக்கு வந்தபோது அம்மா துவாய்களை மடித்துக்கொண்டிருந்தாள். பதக்கத்தைக் கையில் வாங்கிப் பாரம் பார்த்தாள். மேசையில் வைத்தாள்.

"கையை என்ன செய்தனீ?"

மிதுஷா எல்லாவற்றையும் சொன்னாள். சூரிச்சில் பார்த்த சாம்பல் உருவத்தை, முப்பத்தாறு பேரை, சைக்கிள் டியூப்பை. அவள் சொல்லி முடிப்பதற்குள் அம்மா ஆறு துவாய்களை மடித்து முடித்தாள்.

"அந்தச் சட்டைக்கு அவனைத் தெரியுமோ?"

"ஓம் அம்மா. அதுக்கு மட்டும்தான் நல்லாத் தெரியும்."

"ஒருக்கா," என்றாள் சுபாஜினி. "ஒருக்கா மட்டும் அவனை மாதிரி இறங்கிக் காட்டு மகள். நேர வந்து பாக்கிறன்."

*

ஏப்ரலில், பருவத்தின் கடைசி வாரத்தில், சுபாஜினி ஒன்பது வருடத்துக்குப் பிறகு மலைக்கு வந்தாள். வரதனின் குளிரங்கியைப் போட்டுக்கொண்டு, பயிற்சித் தடத்தின் அடியில் வலைக்குப் பின்னால் நின்றாள். ரேட்டோ அவளுக்குத் தன் ஆசனத்தைக் கொடுத்தார். அவள் உட்காரவில்லை.

மேலே மிதுஷா தொடக்கக் குடிலில் கண்களை மூடிக்கொண்டாள். ஓட்டத்துக்கு முன் தடத்தை மனதுக்குள் ஒருமுறை இறங்கிப் பார்ப்பது எல்லோருடைய பழக்கமும். அவள் தடத்தைப் பார்க்கவில்லை. முன்னால் போகும் முதுகு ஒன்றைத் தேடினாள்.

வேகம் நூற்றுப் பதினைந்து. வலப்பக்க வளைவு வந்தது. இடது கையைத் தலைக்கு மேல் தூக்கினாள். தன் வாழ்நாளில் முதல் தடவையாக, சட்டை திறக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அந்த இடிபோன்ற சத்தம், அந்தச் செம்மஞ்சள் இருட்டு. இயந்திரமாவது அவனைக் கண்டு பதறட்டும்.

எதுவும் நடக்கவில்லை. அடுத்த வளைவில் கையை இன்னும் உயர்த்தினாள். அதற்கடுத்ததில் இன்னும். இடுப்பு தன்பாட்டில் முன்னால் நின்றது. முழங்கால்கள் நேராக இருந்தன. கை மட்டும் காற்றில் தனியாக நின்றது.

வலைக்கு முன்னால் வந்து நின்று, கண்ணாடியைக் கழற்றினாள். அம்மா வலப்பக்கமும் இடப்பக்கமும் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"தூரத்தில இருந்தே கையைக் காட்டிக்கொண்டு வந்தனீ. நானும் காட்டினனான். கண்டனீயோ?"

ரேட்டோ திரும்பி மலையைப் பார்த்தார்.

"கண்டனான் அம்மா."

"சரி," என்றாள் சுபாஜினி. மூக்கைத் துடைத்துக்கொண்டு, குளிரங்கியின் பொத்தான்களைப் பூட்டி, பார்ப்பதற்கு ஆயத்தமாக வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இப்ப போய் அண்ணா மாதிரி வா, பாப்பம்."

மிதுஷா தலையாட்டினாள். பலகைகளை இழுத்துக்கொண்டு மின்தூக்கியை நோக்கி நடந்தாள். கதவு அவளுடைய சட்டையைப் பார்த்துத் திறந்தது. கழுத்துப்பட்டியில் விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.