தம்பிக்கு ஏற்றாத மெழுகுவர்த்தி

மழை பெய்து நாளாகிவிட்டது. ஆனாலும் குதிரைவீரன் உல்மானுடைய குதிரையின் கடிவாளம் ஈரமாகவே இருந்தது. துடைத்துத் துடைத்து மாட்டினான். மறுபடி சொட்டியது, ஆற்றுச் சேற்றின் வாடையோடு. கையைச் சட்டையில் தேய்த்துக்கொண்டே கூடத்துக்குள் வந்தான்.

இறந்தோர் திருநாள் மாலை. அந்த மலைக்கோட்டையில் அன்று, குடும்பத்தில் முன்பு செத்துப்போனவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்து, ஆளுக்கொரு சுடரும் ரொட்டியும் வைப்பார்கள். பெயர் விட்டுப்போனவருக்கு உறக்கமில்லை. தம்பி மனைவி கெர்லிண்ட் ஏற்றிக்கொண்டிருந்தாள். அவள் கணவன் தீபோல்டுக்குச் சுடர் இல்லை. அவனை எதிரிகள் உயிரோடு பிடித்துப் போனதாக உல்மான்தான் சொல்லியிருந்தான்.

நடந்தது வேறு. அன்று ஆற்றைக் கடக்கையில் தன் குதிரை சரிய, தீபோல்ட் தண்ணீருக்குள்ளிருந்து கையை நீட்டினான். சுண்டுவிரல் இல்லாத கை. உல்மான் பார்த்தான். பார்த்தபடியே குதிரையைத் திருப்பிக்கொண்டு ஓடிவிட்டான்.

"நேத்து கல்லறைத் தோட்டத்துல எதிரிங்க அத்தனை பேரு உன்னை வளைச்சாங்க. ஒரு கீறல்கூட இல்லாம எப்படிடா வந்த?" என்றான் தோழன் ருப்ரெக்ட், தாடியில் மது வழிய. "பெரிய வீரன்னு பீத்திக்காத. மூடுபனியில உன் கடிவாளத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தன் நடந்தானே! உனக்கு விழவேண்டிய வெட்டெல்லாம் அவன்தான் வாங்கினான். யாரு அது?"

உல்மானும் பார்த்திருந்தான்: கடிவாளத்தில் நான்கே விரல்கள். முகம் திரும்பவேயில்லை.

"யாருமில்ல. தனியாத்தான் வந்தேன்."

கெர்லிண்டின் கையில் ஒரு மெழுகுவர்த்தி மீதியிருந்தது. "எல்லாருக்கும் வெச்சாச்சு. விட்டுப்போன பேரு ஏதாவது இருக்கா, அத்தான்?"

தொண்டைவரை வந்துவிட்டது அந்தப் பெயர். எல்லாரும் அவனையே பார்த்தார்கள். காது மடல்கள் எரிந்தன.

"இல்ல."

கதவில் ஈரத்துணி உரசியது. சேற்று வாடை. சுடர்கள் சாய்ந்தன.

"வந்துட்டாரு!" கெர்லிண்ட் ஓடினாள்.

உல்மான் தலை நிமிரவில்லை. காலடி. சொட்டு. காலடி. பெஞ்சில், பக்கத்தில், ஒரு பாரம்.

ருப்ரெக்டின் கோப்பை உருண்டது.

"ஏன் உங்க கை இப்படிச் சில்லிட்டுக் கிடக்கு?" அவள் ஊதி ஊதிச் சூடேற்றினாள். பிறகு அழுகையும் சிரிப்புமாய் அந்தக் கையைத் தூக்கி நீட்டினாள். "பிடிங்க அத்தான். உங்க தம்பிதானே."

நான்கு விரல்கள். அன்று போலவே விரிந்திருந்தன. மணிக்கட்டில் ஆழமான வெட்டு; அதிலிருந்து ரத்தம் வரவில்லை, ஆற்றுநீர் வழிந்துகொண்டிருந்தது. மேசையில் சுடர்கள் ஒவ்வொன்றாய் அணைந்துகொண்டு வந்தன.